பளிங்கு மாப்பிள்ளையும் டீத்தண்ணியும்

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டி உலர்ந்த துணியில் சுற்றியதும் அழுகை நின்றது என்றும், துணி நனைந்ததும் கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது என்றும் பளிங்கு மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சொல்வதுண்டு. எல்லாக் குழந்தையும் அதைத்தான் செய்யும். பெற்றவளுக்கு அது தெரிய வேண்டுமே. "என் பையன் பொறக்கும்போதே சுத்தம்" என்று அவள் சொன்னதை ஊர் நம்பியதோ இல்லையோ, பையன் நம்பிவிட்டார். வினை அங்கேதான் முளைவிட்டது.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் துடைக்காமல் உட்காரமாட்டார். அவர் துடைத்து முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து அடுத்த பையன் அதில் உட்கார்ந்துகொள்வான். அவர் அடுத்த பெஞ்சைத் துடைக்கப் போவார். இப்படியே படிப்பு முடிந்தது. பிறகு ஒரு பெரிய ஓட்டலில் அறைகளின் சுத்தத்துக்கு மேற்பார்வையாளர் ஆனார். கதவின் மேல்விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பார். விரலில் தூசி ஒட்டினால் அன்றைக்கு யாருக்கோ ஏழரை. ஓட்டல் கண்ணாடியாய் மின்னியது. ஆள் வராததால் இன்னும் மின்னியது. ஒருநாள் மூடிவிட்டார்கள்.

வேலை போன கையோடு மனைவியின் ஊருக்கு வந்து வீட்டோடு மாப்பிள்ளை ஆனார். வந்த முதல் நாள் பெட்டியிலிருந்து அவர் எடுத்த முதல் பொருள் துணியல்ல, ஒரு பலகை. "சுத்தம் சோறு போடும்" என்று கொட்டை எழுத்தில் எழுதியது. அதை மாமனாரின் இறால் குஞ்சு ஷெட்டின் வாசலில் தானே ஏணி போட்டு மாட்டினார். மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பார்ப்போம், எவ்வளவு போடுதுன்னு" என்றார். அந்த வாய்க்குக் கிண்டல் தவிர வேறொன்றும் வராது.

ஷெட் கடலை ஒட்டி இருந்தது. உள்ளே வரிசையாக சிமெண்ட் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் கொப்பளித்துக்கொண்டிருக்கும். தாய் இறாலின் முட்டை பொரிந்து வரும் பொடிக்குஞ்சுகளை, கண்ணால் பார்த்தால் தும்பு மாதிரிதான் தெரியும், பத்திரமாக வளர்த்துப் பண்ணைகளுக்குக் கொடுப்பதுதான் குடும்பத் தொழில். பொடிக்குஞ்சுக்கு முதல் சில நாள் ஒரே தீனிதான் வாய்க்குள் போகும். கடல் தண்ணீரில் மிதக்கிற ஒரு பாசி. ஒன்றிரண்டாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது, கோடிக்கணக்கில் பெருகினால் தண்ணீர் பழுப்பேறி, பால் விடாத டீயைப் போல இருக்கும். டயாட்டம் என்று பெயர். மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, அதைப் பற்றித்தான் படித்துப் பட்டம் வாங்கியிருந்தாள். ஆனாலும் ஷெட்டில் அவள் உட்பட ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். "டீத்தண்ணி" என்பார்கள். "டீத்தண்ணி போட்டாச்சா?" "டீத்தண்ணி கெட்டியா இருக்கு." டீத்தண்ணியைப் பெருக்குவதற்கான தாய்விதை கண்ணாடிக் குடுவைகளில் இருக்கும். கல்லூரி லேபில் அவற்றுக்கு பிளாஸ்க் என்று பெயர். படித்தவள் அல்லவா, அந்த ஒரு பெயரை மட்டும் அவள் விடவில்லை. குடுவைகளில் ஒட்டிய சீட்டுகள் ஈரத்தில் உரிந்து விழுந்து எத்தனையோ நாளாயிற்று. "எது எதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று அவள் மறுபடி ஒட்டவில்லை. திமிர், வேறென்ன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வயிறு நிறையத் தின்ற குஞ்சு பின்னால் ஒரு பழுப்பு நூலை இழுத்துக்கொண்டே நீந்தும். நூல் என்பது மரியாதைக்கு. கழிவுதான். ஷெட்டுக்காரர்கள் காலையில் ஒருவரை ஒருவர் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை, ஒரு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் பிடித்து, "வால் விட்டிருக்கா?" என்றுதான் கேட்பார்கள். வால் இருந்தால் எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு குடும்பமே விடிந்ததும் கழிவைப் பார்த்துக் குதூகலிப்பதைப் பளிங்கு மாப்பிள்ளை முதன்முதலாகக் கண்டபோது மனைவியைத் தனியே கூப்பிட்டு, "உங்க வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் அவர் தீனி அறைப் பக்கம் போகவில்லை. வாடை. முன்னறையில் உட்கார்ந்து மேஜையைத் துடைத்தார். வாசல் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கும் துணியைத் துவைத்தார். மோட்டார்களையும் காற்றுக் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும் மோட்டார்காரர் அவரை "மாப்பிள்ளை சார்" என்று கூப்பிடுவார். அந்த "சார்" எந்தப் பக்கம் சாய்ந்து விழுகிறது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். ஊர் அவருக்குப் பளிங்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் தெரியும். உப்புக்குச் சப்பாணியாக ஒரு வீட்டில் உண்டு உறங்குவது லேசான காரியமல்ல. சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்தப் பலகை ஞாபகம் வரும். எந்தச் சுத்தம் இந்தச் சோற்றைப் போட்டது? மாமனாரின் இடுப்பில் தொங்கிய ஷெட்டுச் சாவிக்கொத்து தன் கைக்கு ஒருநாள் வரவேண்டும், அப்போதுதான் அந்தச் சோறு இறங்கும் என்று அவர் மனசார நினைத்தார். அந்த ஆசையில் பொய்யில்லை.

சாவி உனக்குத்தான் என்று மாமனார் சின்ன மகளிடமும் சொல்லிவைத்திருந்தார், மூத்த மகளின் புருஷனான இவரிடமும் சொல்லிவைத்திருந்தார். ரெண்டு பேரும் ஒழுங்காக வேலை செய்வார்கள் என்ற கணக்கு.

அப்படி இருக்கையில் மாமனாருக்குக் கண்ணில் புரை முற்றி ஆபரேஷன் என்று ஆயிற்று. நகரத்து ஆஸ்பத்திரிக்குத் துணையாக யார் வருவது என்ற கேள்விக்கு, "சின்னவ வந்தாத்தான் டாக்டர்கிட்ட சண்டை போடுவா" என்று சொல்லிவிட்டார். ஷெட்டில் அப்போதுதான் தொட்டி தொட்டியாகக் குஞ்சு பொரிந்திருந்தது. முந்தின இரண்டு ஈட்டுக் குஞ்சுகளும் நோயில் போய்விட்டன. இதுவும் போனால் ஷெட்டை விற்றுவிட்டு வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மாமனார் சாவிக்கொத்தை அவிழ்த்து மாப்பிள்ளை கையில் வைத்தார். "நான் வர்ற வரைக்கும் உங்க பொறுப்புங்க மாப்பிள்ளை. குஞ்சு பொழைச்சா இது உங்ககிட்டயே இருக்கட்டும்."

மச்சினி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்: "அத்தான், மோட்டார் அண்ணன் காலையிலயும் சாயங்காலமும் தீனி போட்டுருவாரு. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும். பிளாஸ்க்குல இருக்கற டீத்தண்ணிய மட்டும் யாரும் தொட்டுடாம பாத்துக்கங்க. அதுலதான் என் உயிரே இருக்கு."

"டீக்கு இவ்வளவு பிரியமா?" என்று அவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டார். வெளியே, "நீ கவலைப்படாம போயிட்டு வா பாப்பா" என்றார்.

சும்மா இருந்தா போதும் என்றாளே, அது ஒன்றுதான் அவரால் ஆகாத காரியம். பஸ் தெருமுனை திரும்பியதும் சட்டைக் கையை மடித்தார். தீனி அறையைத் திறந்தார். மேஜைமேல் மச்சினி மறந்துவைத்துவிட்டுப் போன டீ பிளாஸ்க் இருந்தது, சூடு ஆறாத, பூப்போட்ட, மூடி திருகின பிளாஸ்க். ஆட்டிப் பார்த்தார். பாதிக்குமேல் டீ. நல்லவேளை! அதை ஈரத்துணியால் துடைத்து, மேல் அலமாரியில் ஏற்றி, பூட்டி, அந்தச் சாவியையும் கொத்தில் கோத்தார். சொன்ன சொல் காத்தாயிற்று. பிறகு திரும்பி அறையைப் பார்த்தார்.

சன்னல் ஓரம் கண்ணாடிக் குடுவைகள். சிலவற்றில் பச்சைத் தண்ணீர். அது மீன் குஞ்சுகளுக்காக மச்சினி வைத்திருந்த வேறு பாசி. பலவற்றில் பழுப்பு. கீழே பெரிய வெள்ளைத் தொட்டிகள் நிறைய அதே பழுப்பு, நுரையோடு. குஞ்சுகளுக்குப் பாசி போடவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பாசி என்ற சொல்லுக்குள்ளேயே பச்சை இருக்கிறது. பாசி பழுப்பாகவும் இருக்கும் என்று எந்தத் தாய் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்? பச்சைக் குடுவைகளைப் பக்குவமாக ஒதுக்கித் தூசி தட்டி வைத்தார். பழுப்பையெல்லாம், "அழுகிப்போயிருக்கு, கேக்க நாதியில்ல" என்று முனகியபடி சாக்கடையில் கவிழ்த்தார்.

கழுவுவதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் நீளப் பிரஷ்ஷால் குடுவைக்குள் தேய்ப்பு. பிரஷ்ஷை ஒரு வாளிக் கடல் தண்ணீரில் அலசுவது. குடுவையைப் பிறகு ப்ளீச்சிங்கில் போடுவது. பிரஷ்ஷை ப்ளீச்சிங்கில் போட்டால் மயிர் கொட்டிவிடும் என்பதால் அதை அந்த வாளியிலேயே ஊறவிட்டு, சாமான் அறைச் சன்னல் அடியில் வெயில் படும்படி வைத்துவிடுவார். உலகத்தைத் தேய்க்கிற பிரஷ்ஷைத் தேய்ப்பது யார் என்ற கேள்வி அவருக்கு எந்த நாளும் தோன்றியதில்லை.

சாயங்காலம் மோட்டார்காரர் தீனி அறைக்கு வந்து வெறும் தொட்டிகளைப் பார்த்து நின்றார். "டீத்தண்ணி எங்க மாப்பிள்ளை சார்?"

"அது பாப்பாவோடது. யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. பூட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப குஞ்சுக்கு?"

"பாசி அதோ இருக்கே பச்சையா. அதைப் போடுங்க. இனிமே எல்லாம் சுத்தமான தீனிதான்."

மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார். எதிர்த்துக் கேட்டால் நாளைக்கு இவர்தான் முதலாளி. சொன்னதைச் செய்வதற்குத்தான் சம்பளம், யோசிப்பதற்குத் தனியாக யாரும் தருவதில்லை. பச்சையை மொண்டு ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் தொட்டித் தண்ணீர் தெளிந்தது. அதற்கடுத்த நாள் இன்னும் தெளிந்தது. குனிந்து பார்த்தால் அடித்தளத்து சிமெண்ட் கீறல்கூடத் தெரிந்தது. குஞ்சுகளின் பின்னால் தொங்கிய அசிங்கமும் போன இடம் தெரியவில்லை. ஒன்றுக்குக்கூட வால் இல்லை. அடியில் வெள்ளையாக, மாவு தூவின மாதிரி, கொஞ்சம் தூசு படிந்திருந்தது. அதையும் சின்னக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வீட்டுச் சோறு அன்றைக்கு அவருக்கு இறங்கிற்று. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, தொட்டியைப் பல கோணத்தில் போனில் படம் பிடித்து மச்சினிக்கு அனுப்பினார். "எப்படி?" என்று கீழே ஒரு கேள்வி வேறு.

அவள் உடனே திருப்பிக் கூப்பிட்டாள்.

"அத்தான்... தண்ணி ஏன் இப்படி இருக்கு?"

"சுத்தமா இருக்குல்ல?"

"டீத்தண்ணிய என்ன பண்ணினீங்க?"

"பத்திரமா இருக்கு பாப்பா. ஒரு சொட்டு யாரையும் தொட விடல."

அவள் பெருமூச்சு விட்டாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள அக்காவை ஊரிலிருந்து வரச்சொல்லிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். ஷெட்டுக்குள் நுழைந்தவள் தொட்டிகளை ஒரு பார்வை பார்த்தாள், நேரே தீனி அறைக்கு ஓடினாள், சன்னல் ஓரத்து வெறும் குடுவைகளின் முன் நின்றாள்.

பளிங்கு மாப்பிள்ளை பின்னாலேயே வந்து, மேல் அலமாரியைத் திறந்து, பூப்போட்ட பிளாஸ்க்கை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் அதை வாங்கினாள். மூடியைத் திறந்தாள். புளித்த டீ வாடை அறை முழுக்கப் பரவிற்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது. அப்புறம் அழுதாள்.

அவருக்கு இன்னும் விளங்கவில்லை. "டீ கெட்டுப்போச்சா? வேற போட்டுத் தரச் சொல்றேன்" என்றார்.

அவள் தொட்டி அடியில் படிந்திருந்த வெள்ளைத் தூசியில் ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். "பாருங்க" என்றாள். அவர் குனிந்து பார்த்தார். தூசிக்குக் கண் இருந்தது. கால்கள் இருந்தன, மயிரிழை மயிரிழையாக, மடங்கி. வயிற்றுக்குள் கண்ணாடி போலக் காலியாக இருந்தது.

"நீங்க உறிஞ்சி வெளிய விட்டீங்களே, அந்தத் தூசி இதுதான் அத்தான். பட்டினி. பச்சை இதுங்களுக்குச் செரிக்காது. அந்தப் பழுப்புதான் டீத்தண்ணி. அதுதான் சோறு."

இரண்டு நாளாக மனசு குளிர உறிஞ்சி உறிஞ்சி வெளியே விட்டது என்னவென்று இப்போதுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. நேற்று இரண்டாம் முறை கேட்டு வாங்கின சோறு தொண்டைக்கு வந்தது.

மச்சினி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இன்னும் உயிரோடு இருப்பவை உண்டு. இன்றைக்குள் தீனி விழுந்தால் கொஞ்சமாவது தேறும். பக்கத்து ஷெட் என்பது ஒருநாள் பயணம். ஆகவே இந்த ஷெட்டுக்குள்ளேயே எங்கேயாவது ஒரு பழுப்புக் கறை, ஒரு மூலை வழுவழுப்பு, அது போதும், அதிலிருந்து விதை எடுத்துவிடலாம் என்று தேடினாள். சாக்கடையைப் பார்த்தாள், ப்ளீச்சிங் வாடை. குழாய்களின் உட்பக்கம், தொட்டி விளிம்பு, சன்னல் இடுக்கு, தரைப் பொந்து, எல்லாவற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஓட்டலில் அவர் ஓட்டிப் பார்த்த அதே மாதிரி. விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. அவர் வாழ்நாளில் செய்த வேலைகளிலேயே குறை சொல்ல முடியாத வேலை அதுதான்.

"இவ்வளவு பெரிய ஷெட்டுல ஒரு இடத்துல கூடவா அழுக்கு இல்ல?" என்று அவள் கத்தினாள்.

பளிங்கு மாப்பிள்ளைக்கு அப்போது சாமான் அறை ஞாபகம் வந்தது. வாளியும் ஞாபகம் வந்தது. காலையில்தான் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்து, யார் கண்ணிலும் படாமல் இருக்க ஒரு சாக்கைப் போட்டுப் பாதி மூடியிருந்தார். அவருடைய வாளி. அதன் நிறத்தை இன்னொருவர் பார்ப்பதா? குஞ்சு செத்ததற்கு ஊர் வேண்டுமானால் ஏசட்டும், தெரியாமல் செய்தது. ஆனால் பளிங்கு மாப்பிள்ளையின் சொந்த வாளி அழுக்கு என்று நாளைக்கு மோட்டார்காரர் தெருவில் சொல்லிச் சிரித்தால்? நம்பினால் நம்புங்கள், மனுஷன் அங்கே நின்று அதைத்தான் யோசித்தார். குஞ்சுகள் பட்டினியில் மூழ்கிக்கொண்டிருக்க, வாளிக்காக யோசித்தார்.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "என் வாளி இருக்கு பாப்பா" என்றார்.

"என்ன வாளி?"

"பிரஷ் போடற வாளி. அது... கொஞ்சம் அழுக்கு."

அவள் ஓடினாள். சாக்கை விலக்கினாள். வெயிலில் நின்று நின்று வாளித் தண்ணீர் கெட்டியான பழுப்பாகியிருந்தது. பிரஷ் மயிர்களெல்லாம் வழுவழுவென்று பூத்திருந்தன. குடுவைகளைத் தேய்த்த பிரஷ் அல்லவா, கவிழ்த்தது போக மிச்சமிருந்த விதை அதில் ஒட்டிக்கொண்டு வந்து அங்கே பெருகியிருந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டு அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்களும் பாருங்க அத்தான்."

அவருக்குப் பார்க்கப் பயம். பார்த்தார். கண்ணாடிப் பெட்டிகள். மூடியும் அடியும் பொருந்திய, மூலைக்கு ஒரு கண்ணாடி முள் நீட்டிய, துளிக் கீறல் இல்லாத பெட்டிகள், ஒன்றோடொன்று கோத்து வரிசையாக. நடுவே ஓடம் மாதிரி ஒன்று மெதுவாக வழுக்கிக்கொண்டு போயிற்று. அதன் மேலெல்லாம் ஊசியால் குத்தினது போல வரிவரியாகப் புள்ளிகள், ஒரு புள்ளி பிசகவில்லை. ஓட்டலில் இத்தனை வருஷம் துடைத்த எந்தக் கண்ணாடியும் இப்படி இருந்ததில்லை. இதையா அழுகல் என்று சாக்கடையில் கவிழ்த்தோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஒரு வாளி எந்த மூலைக்கு? யானைப் பசிக்குச் சோளப்பொரி. மச்சினி கணக்குப் போட்டாள். பாதியை விதைக்கு எடுத்துக் குடுவைகளில் ஊற்றினாள். மீதியை மெல்லிய துணியில் வடிகட்டி ஒரே ஒரு தொட்டிக்குப் போட்டாள். எந்தத் தொட்டி என்று தேர்ந்தெடுத்ததும் அவள்தான். மற்றத் தொட்டிகளின் பக்கம் அவள் திரும்பவில்லை. அவர் திரும்பினார். ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்துவிட்டு, பிழைக்கப்போகும் அந்த ஒரு தொட்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். எழுந்து வாருங்கள் என்று யாரும் கூப்பிடவுமில்லை.

மறுநாள் காலை மாமனார் வந்து சேர்ந்தார். மூத்த மகள் கையைப் பிடித்து இறக்கினாள். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஒரு வாரத்துக்குக் கழற்றக்கூடாது, குனியக்கூடாது. ஷெட் நடுவே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சின்ன மகள் ஒன்று விடாமல் சொன்னாள். தான் சீட்டு ஒட்டாததையும் சொன்னாள், கொஞ்சம் வேகமாக.

மாமனார் சிரிக்கவில்லை. அந்த வாயில் கிண்டலே இல்லாமல் போனதைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. கையை நீட்டினார். பளிங்கு மாப்பிள்ளை எழுந்து போய்ச் சாவிக்கொத்தை அந்தக் கையில் வைத்தார். கை அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து சின்ன மகளின் கையைத் தேடிக் கண்டுபிடித்து அதில் வைத்தது. மனைவி தலையைத் திருப்பிக்கொண்டாள். மோட்டார்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு மோட்டாரை அணைத்து மறுபடி போட்டார்.

இன்னொருவர் என்றால் வெளியே போயிருப்பார். பளிங்கு மாப்பிள்ளை தன் தொட்டிக்கே திரும்பிப் போய்க் குந்தினார். கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு சன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். தும்புகள் துடித்தன. ஒன்றைக் கண்ணால் பின்தொடர்ந்தார். விட்டுவிட்டது. இன்னொன்றைப் பிடித்தார். அதன் பின்னால் என்னவோ இருந்தது. தலைமயிரில் பாதி கனம்கூட இல்லை. ஆடியது, அறுந்தது, மறுபடி நீண்டது.

"வால்!" என்று அவர் கத்தினார். "வால் விட்டிருக்கு! இதோ இதுவும்! பாப்பா, பீ போடுது பாப்பா, எல்லாம் பீ போடுது!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. டம்ளரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, ஓட்டலில் கதவு விளிம்பைத் தடவிப் பார்த்த மனுஷன் நின்றுகொண்டிருந்தார்.

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மாமனார் கேட்டார்: "என்ன கலருங்க மாப்பிள்ளை?"

"டீத்தண்ணி கலர் மாமா" என்று சொல்லிவிட்டு, கழுவாத கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.